மூக்கு தூக்கிய டிரெய்லர்

மே மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டுக்கு எனக்குச் செய்தி வந்தது. அந்த இடத்திலிருந்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். பெயர், வயது, விலாசம் முதலில் வரவேண்டும் என்று ஷெரிஃப் ஆபீஸ் டெப்யூட்டி காஸ்பர்சன் அம்மாள் சொன்னதால் அதை இப்போது சொல்கிறேன்.

என் பெயர் எமெட் ரவுட்டியோ. வயது முப்பத்திரண்டு. மினசோட்டா மாநிலம், நோர்ட்விக் ஊர், சிடார் தெருவில் குடியிருக்கிறேன். இரும்புத் தாது ஆலையில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். இறந்துபோன மாரிட் என் மனைவி. வயது இருபத்தொன்பது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர். என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, நானாகவே வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "அதிக வேகம், டிரெய்லர் இழுப்பதில் ஓட்டுநருக்கு அனுபவமின்மை" என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை எடுக்க வேண்டும் என்பதற்காக வந்திருக்கிறேன். ஆறுதல் கேட்டு வரவில்லை.

மேற்படி நேரத்தில் நான் கன்வேயர் மேடையில் ஒரு பேரிங்கின் மேல் கருவியை வைத்து அளந்துகொண்டிருந்தேன். ஷிஃப்ட் மேற்பார்வையாளர் படியேறி வந்தார். அவர் முழங்கால் வலிக்காரர், அந்தப் படியில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. காதடைப்பைக் கழற்றும்படி சைகை செய்து, "கீழ வா எமெட், ஷெரிஃப் ஆபீஸ்லேருந்து ஆள் வந்திருக்காங்க" என்றார். நான் கருவியில் வந்த அளவைப் பதிந்துவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் பதிந்தேன் என்று தெரியவில்லை. அதன் பிறகு மருத்துவமனைக்குப் போய் மாரிட்தான் என்று அடையாளம் சொன்னேன். அதன் பிறகு அவளுடைய கைப்பையையும், மூடி திறக்காமல் கிடந்ததென்று ஒரு வாளியையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். வாளியில் அவள் தூண்டிலுக்கு வாங்கிய சின்ன மீன்கள் இருந்தன. பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. இரை மீனை ஏரியில் கொட்டுவது இங்கே குற்றம் என்பதால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி துவைக்கும் தொட்டியில் விட்டேன்.

இனி படகைப் பற்றிச் சொல்கிறேன். அது என் மாமனார் ஹார்லன் ஸ்டென்ஸ்ருடின் அலுமினியப் படகு. ஒற்றை அச்சு டிரெய்லர். குளிர்காலம் முழுக்க அவருடைய கொட்டகையில் கிடக்கும். மீன்பிடி சீசன் திறக்கும் சனிக்கிழமைக்கு முந்தின நாள், ஊரே வடக்கே ஏரிக்குக் கிளம்பும்போது, அதுவும் கிளம்பும். போன வருடம் வரை அதை என் பிக்கப் வண்டியில்தான் இழுத்தோம். கொக்கியை நான் அமைத்திருந்தேன். அமைப்பது பெரிய வித்தை இல்லை. படகில் ஏற்ற வேண்டியதை எல்லாம் ஏற்றி, டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, அதன் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைக்க வேண்டும். சட்டம் மட்டமாக நிற்கும்போது அதன் முன் மூக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் வண்டியின் இழுவைப் பந்து, அதாவது பின்னால் டிரெய்லரின் மூக்கை மாட்டும் இரும்புக் குண்டு, இருக்க வேண்டும். இந்த டிரெய்லருக்கு அது பதினெட்டு அங்குலம். பந்து உயர்ந்தால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் கனம் பின்னால் போகும். படகின் என்ஜினும் பேட்டரியும் பெட்ரோல் டேங்கும் ஏற்கெனவே பின்னால்தான் இருக்கின்றன. பந்தின் மேல் அழுத்தம் குறைந்ததும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். சிறிது ஆடும்போது ஓட்டுகிறவருக்கு ஏதோ காற்று அடிப்பது போலத்தான் தெரியும்.

இந்த வருடம் எனக்கு வெள்ளிக்கிழமை மாலை வரை ஷிஃப்ட் இருந்ததால், மாரிட்டின் அண்ணன் ப்ரெண்ட் தன் பிக்கப்பில் படகை இழுத்து வருவதாக முடிவானது. ப்ரெண்ட் இந்தக் குளிர்காலத்தில் தன் வண்டியை உயர்த்திக் கட்டி முப்பத்தைந்து அங்குல டயர் போட்டிருந்தான். ஏப்ரலில் மாமனார் வீட்டுக்கு நாங்கள் சாப்பிடப் போயிருந்தபோது வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன். பந்து இருபத்துநாலு அங்குலத்தில் நின்றது. நான் அவனிடம், டயரை மாற்றினால் கொக்கியையும் மாற்ற வேண்டும், ஆறு அங்குலம் கீழே இறங்கும் தண்டு மாட்டினால் போதும், கழற்றி மாட்ட ஒரே ஒரு பூட்டு ஊசிதான், இரண்டு நிமிட வேலை என்று சொன்னேன். அவன் சிரித்தான்.

"எதையாவது அளக்கலேன்னா உனக்குச் சாப்பாடு எறங்காதா எஞ்சினியர்? மாரிட்டைக் கட்டும்போதும் லெவல் வெச்சுப் பாத்தியா?"

அதற்கு மாரிட், "பாத்தான். குடும்பத்துல நான் ஒருத்திதான் கோணலா இல்லேன்னு தெரிஞ்சுதான் கட்டினான்" என்றாள். மாமனார் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் அந்தத் தண்டை நானே வாங்கி ப்ரெண்டின் கையில் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டான். நன்றி என்று சொன்னான். விபத்து நடந்த இடத்தில் நீங்கள் எடுத்த புகைப்படத்தில், சாலையோரப் புல்லில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரியாமல் ஒரு இரும்புத் தண்டு கிடக்கிறது. அது அதுதான். வண்டியின் பின்தொட்டியிலிருந்து சிதறி விழுந்தது.

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அன்று காலையிலேயே ப்ரெண்ட் தன் நண்பர்களோடு வேறு வண்டியில் ஏரிக்குப் போய்விட்டான். நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்பது காரணம். தன் பிக்கப்பையும் படகையும் கொண்டுவரும்படி மாரிட்டிடம் சொல்லிவிட்டான். அன்று பள்ளி அரை நாள் என்பதால் அவள் மதியமே பேருந்துப் பணியை முடித்துவிட்டு அப்பா வீட்டுக்குப் போனாள். டிரெய்லரை மாட்டும்போது மாமனார் உடன் நின்று விளக்கு வயரைச் செருகினார். அதன் பிறகு மாரிட் கிளம்பி, ஊர் எல்லையில் உள்ள லோயிஸ் ஏக்கரின் தூண்டில் கடையில் நிறுத்தி இரை மீன் வாங்கினாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடக்கம் முடிந்த மறுநாள் நான் லோயிஸ் கடைக்குப் போய்க் கேட்டேன். லோயிஸ் மேசையைத் துடைத்துக்கொண்டே பேசினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெளிய வந்து பாத்தேன். உன் படகு வித்தியாசமா இருக்கேம்மான்னு சொன்னேன்."

"அவ்ளோதானா சொன்னீங்க?"

"அடுத்தவங்க டிரெய்லரைப் பத்தி நான் வேற என்னப்பா சொல்றது?"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒன்றை வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது இதைப் பதிவு செய்கிறவர்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்கு ஊதா வண்ணம் அடித்தால் வித்தியாசம். விருந்தில் யாரோ செய்த ஹாட்டிஷ் என்ற பதார்த்தம் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் வித்தியாசம். தப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில், எதிரில் இருப்பவர் மனம் நோகாமல், சொன்ன மாதிரியும் சொல்லாத மாதிரியும் நகர்ந்துவிட நாங்கள் வைத்திருக்கும் சொல் அது. அதைச் சொன்னவர் தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். இந்த ஊரிலேயே பிறந்த நானும் அதைச் சொல்லி வளர்ந்தவன்தான். இனி என் வாயிலிருந்து அது வராது.

மாரிட் அதே ஊர்க்காரி, அவளுக்கு அந்தச் சொல் புரிந்தது. லோயிஸ் சொன்னபடி, அவள் வண்டியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். அதன் பிறகு அங்கேயே நின்று ப்ரெண்டைக் கைபேசியில் கூப்பிட்டாள். எனக்கு ஷிஃப்டில் கைபேசி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அவள் பேசியது லோயிஸ் காதில் விழுந்தது. மூக்கு வானத்தைப் பார்க்கிறது, வரும்போது பின்னால் ஏதோ ஆட்டியது, நாற்பத்தைந்து மைலுக்கு மேல் போகாமல் வந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு கொஞ்ச நேரம் அவன் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். கடைசியாக, "சரி, உன் வண்டி. நீ சொன்னா சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள். லோயிஸ் அவளுக்கு ஒரு காபி கொடுத்தாளாம். அதை லோயிஸ் என்னிடம் மறக்காமல் சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததை, மாரிட்டுக்குப் பின்னால் மரம் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஓட்டுநர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். டிரெய்லர் நாய் வாலைப் போல ஆடத் தொடங்கியது, பிரேக் விளக்கு எரியவில்லை, பிக்கப் வேகம் எடுத்தது, ஆட்டம் பெரிதாகி டிரெய்லர் பிக்கப்பைப் பக்கவாட்டில் தள்ளியது, இரண்டும் பள்ளத்தில் உருண்டு பைன் மரத்தில் மோதின. அவர் பார்த்ததைச் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "வேகம் எடுத்தது" என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அறிக்கை எழுதியவர்கள் மேல் கோபம் இருக்கிறது. ஒன்பது குளிர்காலம் பனிக்கட்டி படிந்த சாலையில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஒரு கண்ணாடி கூட உடையாமல் இறக்கிவிட்டவளுக்கு, வண்டி ஆடினால் காலை எடுக்க வேண்டும் என்று தெரியாதா என்று ஒருவராவது கேட்டீர்களா? தெரிந்தவள் ஏன் மிதித்தாள் என்று கேட்டீர்களா?

நான் கேட்டேன். எனக்குப் பதில் கிடைத்தது.

அடக்கத்தன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு வைத்திருந்தார்கள். நான் மூச்சு விட வெளியே வந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்றேன். ப்ரெண்ட் கையில் காகிதத் தட்டோடு வந்தான். தட்டில் ஹாம் வைத்த பன்னும் இரண்டு இனிப்புத் துண்டும் இருந்தன. நான் கேட்காமலேயே பேசினான்.

"மிதின்னு நான்தான் சொன்னேன் எமெட். மெதுவாப் போறதாலதான் ஆடுது, அறுபதைத் தாண்டிட்டா இழுத்துப் பிடிச்சு நேரா வந்துடும், ஆடுச்சுன்னா பயப்படாம மிதின்னு சொன்னேன். எனக்கு எப்பவும் நேரா வந்திருக்கு."

"நான் குடுத்த தண்டு?"

"வண்டியிலதான் கெடந்துச்சு. மாட்டணும்னுதான் இருந்தேன்."

"டெப்யூட்டிகிட்ட என்ன சொன்ன?"

அவன் தன் ஷூவைப் பார்த்தான். "அவ எப்பவும் கொஞ்சம் வேகமா ஓட்டுவான்னு சொன்னேன்."

நான் அவனை அடிக்கவில்லை. அடித்ததாக யாராவது சொன்னால் அது உண்மையில்லை. அவன் கையிலிருந்த தட்டை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவன் அதற்கு நன்றி என்றான். நாங்கள் இப்படித்தான்.

அதன் பிறகு உள்ளே போனேன். மாமனார் என்னைக் கோட்டு மாட்டும் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். ப்ரெண்ட் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தான். அவர் என் தோளில் கை வைத்துப் பேசினார். ரிப்போர்ட்டில் ஒரு வரிதானே, எத்தனை பேர் அதைப் படிக்கப் போகிறார்கள் என்றார். ப்ரெண்டுக்கு இரண்டு பிள்ளைகள், அவன் இந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும் என்றார். கடைசியாகச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"அந்த வரி இனிமே அவளுக்கு வலிக்கப் போறதில்ல எமெட். அவனுக்கு வலிக்கும். எனக்கு இருக்கிறது இனிமே ஒண்ணுதான்."

நான் அவரிடம் டிரெய்லரை மாட்டும்போது மூக்கு தூக்கியிருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவன் வண்டி, அவன் கொக்கி. நான் என்ன சொல்றது? வித்தியாசமா இருக்கேன்னு மனசுல நெனச்சேன்."

பெற்ற மகள் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருக்கும்போது அவர் அதை மனதில் நினைத்திருக்கிறார். நான் என் கோட்டை எடுக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை டெப்யூட்டி காஸ்பர்சன் அம்மாள் முன்னிலையில், விபத்து வண்டிகளை வைத்திருக்கும் அடைப்பில் அளவெடுத்தேன். பிக்கப்பின் முன்பக்கம்தான் நசுங்கியிருந்தது, பின்பக்கம் நேராக இருந்தது. பந்தின் உயரம் இருபத்துநாலு. ஆறு அங்குலம் அதிகம். அம்மாளும் நாடாவைப் பிடித்துப் பார்த்தார்.

அதன் பிறகு டிரெய்லரின் டயரைப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரியாத விஷயம் அது. வலது டயர் டிரெய்லருக்கென்று செய்யப்பட்டது, அதன் பக்கச்சுவரில் எண்ணுக்கு முன்னால் எஸ்.டி. என்ற எழுத்துகள் இருந்தன. இடது டயரில் எண்கள் எல்லாம் அதேதான். அகலம் அதே, விளிம்பு அதே. முன்னால் மட்டும் பி என்ற எழுத்து. அது கார் டயர். காரில் உட்கார்ந்து போகிறவர்களுக்குக் குலுங்காமல் இருப்பதற்காக அதன் பக்கச்சுவர் மெல்லியதாக இருக்கும், அமுங்கிக் கொடுக்கும். டிரெய்லருக்குக் கீழே அமுங்கிக் கொடுத்தால் அது பக்கவாட்டில் நெளியும். ஒரு பக்கம் விறைப்பு, ஒரு பக்கம் நெளிவு. வசந்தத்தில் பழைய டயர் வெடித்திருந்ததால் கொட்டகையில் கிடந்ததை மாட்டியதாக மாமனார் உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். எண் ஒன்றாக இருந்ததே என்று சொன்னாராம். சைஸ் பார்க்கிறவர்கள் எண்ணைத்தான் பார்க்கிறார்கள், எழுத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே உயரம் ஆட்டத்தைக் கொடுத்தது. டயர் அதைத் தடுக்கவில்லை. வேகம் அதை வளர்த்தது. ஆட்டம் தானாக அடங்குமா வளருமா என்று பார்ப்பதற்குத்தான் எனக்கு ஆலையில் சம்பளம். இந்த டிரெய்லரில் ஐம்பதுக்குக் கீழே அடங்கியிருக்கும், அதற்கு மேலே வளரும். நாற்பத்தைந்தில் போனவள் சரியாகப் போனாள். அவள் கணக்கு எதுவும் போடவில்லை, ஓட்டத் தெரிந்த உடம்பு அவளுக்குச் சொன்னது. அதைக் கேட்க விடாமல் செய்தவன் இன்னொருவன். அனுபவமின்மை என்று எழுதினால் அதை அவன் பெயருக்கு நேரே எழுதுங்கள், என் மனைவி பெயருக்கு நேரே எழுதாதீர்கள்.

ப்ரெண்டைச் சிறையில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போட வேண்டாம் என்றும் கேட்கவில்லை. அது உங்கள் வேலை. போன வாரம் பள்ளியில் பேருந்துக் குழுவின் கூட்டத்தில், புதிதாக வருகிற ஓட்டுநர்களுக்கு வேகம் பற்றி ஒரு வகுப்பு வைக்கலாம் என்று ஒருவர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். மாரிட்டின் பெயரைச் சொல்லியே பேசியிருக்கிறார். ஒரு வரியை யார் படிக்கப் போகிறார்கள் என்று மாமனார் கேட்டதற்கு அதுதான் பதில். அவளிடம் பிள்ளையை ஏற்றி அனுப்பியவர்கள் எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

டெப்யூட்டி காஸ்பர்சன் அம்மாள் இதுவரை சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார். அளவெடுத்த இடத்தில், "பந்தின் உயரம் வித்தியாசமாக இருந்தது" என்று அவர் எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். அவர் தெரிந்து எழுதவில்லை, கை பழக்கத்தில் வந்தது என்றார். "தவறாக இருந்தது" என்று எழுதச் சொன்னேன். எழுதினார். மேலே அனுப்புகிறேன், மாற்றுவார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாற்றும் வரை நான் வருவேன் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் இங்கே உட்கார்ந்திருப்பது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு மணி நேரமாக மாமனார் வீட்டிலிருந்து மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மேசையின் மேல் என் கைபேசியில் ஹார்லன் பெயர் எரிகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எடுத்துப் பேசிவிட்டு வருகிறீர்களா என்று அம்மாள் கேட்டார்.

இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னது. நேரில் பார்க்காததைப் பார்க்காதது என்றே சொல்லியிருக்கிறேன். வாசிக்கக் கேட்டு, ஒரு சொல்லைத் திருத்தி, என் நினைவு தெளிவாக இருக்கும்போது கையெழுத்திடுகிறேன். யார் கேட்டாலும் இதில் ஒரு எழுத்தையும் திரும்ப வாங்க மாட்டேன். மேற்கொண்டு விசாரிக்க வேண்டுமானால் வீட்டுக்கோ ஆலைக்கோ ஆள் அனுப்பவும். கைபேசியை அணைத்துவிட்டேன்.

(ஒப்பம்) எமெட் ரவுட்டியோ